காய்ந்த சரத்தில் மிஞ்சும் மணம்

இரவு தலையிலிருந்து எடுத்துச் சன்னல் கம்பியில் தொங்கவிட்ட கதம்பச் சரத்தை மறுநாள் காலையில் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மல்லிகை பழுப்பேறிச் சுருண்டு, வாசமே மாறிப் போயிருக்கும். கனகாம்பரத்துக்கு முதலிலிருந்தே மணம் கிடையாது. இடையிடையே வைத்துக் கட்டிய பச்சை இலைக் கொத்து மட்டும், வாடித் துவண்ட பிறகும், விரலில் நசுக்கினால் நேற்று மாலை மணந்தது போலவே மணக்கும். நாலு நாள் கழித்து மொறுமொறுவென்று காய்ந்த பிறகும் மணக்கும். அந்த இலைதான் மரு. எங்கள் மதுரைப் பக்கத்தில் மருவு என்றும் சொல்வோம்.

பூவுக்குத் துணையாக வரும் இலை என்றுதான் முப்பது வயது வரை அதை நினைத்திருந்தேன். வேலை நிமித்தமாக ஜெர்மனி போய் வந்த தோழி ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து, "இது அங்கே உருளைக்கிழங்கு சூப்பில் போடுகிற இலை" என்று திறந்து காட்டினாள். முகர்ந்ததும் எனக்கு நினைவு வந்தது சூப் அல்ல, சித்திரைத் திருவிழாவில் அம்மாவின் கொண்டை. புட்டியின் மேல் மஜோரான் என்று எழுதியிருந்தது. நம் மருவும் அவர்கள் மஜோரானும் ஒரே செடி. தாவரவியல் பெயர் ஒரிகானம் மஜோரானா. 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயர் அது. துளசி, புதினா, ஓமவல்லி எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. சைப்ரஸ் தீவும் துருக்கியின் தென்கரையும் அதன் தாயகம்.

ஒரே செடி ஓர் ஊரில் கூந்தலுக்கும் இன்னோர் ஊரில் குழம்புச் சட்டிக்கும் எப்படிப் போனது என்று யோசிக்கப் போய்த்தான் அதன் மணத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. மருவை எப்படிக் காயவைப்பது, சமையலில் எந்த நேரத்தில் போடுவது என்ற கேள்விகளுக்குப் பதில், அந்த இலைக்குள் இருக்கும் ஒரே ஒரு மூலக்கூறின் மென்மையில் இருக்கிறது.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். மருவும் மரிக்கொழுந்தும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மரிக்கொழுந்து என்று நம் பூக்கடைகளில் விற்பது தவனம். அதன் தாவரவியல் பெயர் ஆர்டிமிசியா பாலன்ஸ், சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. சில ஊர்களில் அதையே மருக்கொழுந்து என்று சொல்வதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பூச்சூட்டும் பாசுரத்தில் மருவையும் தமனகம் எனப்படும் தவனத்தையும் தனித்தனியே பெயர் சொல்லி வைத்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்துப் பார்த்த கண்ணும் மூக்கும் நமக்கு இருந்திருக்கின்றன.

பிரித்தறிவது சுலபம். தவனத்தின் இலை இறகு போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். மருவின் இலை முழுமையான சிறு முட்டை வடிவம், விரல் நகத்தைவிடச் சிறியது, மேலே சாம்பல் பூசியது போல வெளிர்பச்சை. தண்டை உருட்டிப் பார்த்தால் நான்கு விளிம்பு தட்டுப்படும். துளசிக் குடும்பத்துக்கே உரிய சதுரத் தண்டு அது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாற்றுப்பண்ணையில் மரு என்று கேட்டு வாங்கி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான் அது தவனம் என்று எனக்குப் புரிந்தது. தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சிரித்தார்.

"அதுக்கு ஏன் தாயி பண்ணைக்குப் போன? எங்கிட்ட இருக்கிற குச்சிய ஊனி வச்சா வரப்போகுது."

ஈரச் சாக்குக்குள் கையை விட்டு, பூக்காத இளங்குச்சியாகப் பார்த்து ஐந்தாறு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஆற்றுமணல் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊன்றி நிழலில் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தபோது மண் அதைப் பிடித்துக்கொண்டது. வேர் விட்டிருந்தது. இன்று என் மாடியில் இருக்கும் எல்லா மருவும் அந்தச் சாக்கிலிருந்து வந்தவைதான்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதை தூசு மாதிரி. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆழப் புதைத்தால் மேலே வரத் தெம்பிருக்காது. மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, தெளிப்பானால் நனைக்க வேண்டும். பத்து, பதினைந்து நாள் பொறுமையும் வேண்டும். குச்சி கிடைக்கும் ஊரில் விதைக்கு அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இப்போது அந்த மூலக்கூறுக்கு வருகிறேன்.

மல்லிகை தன் மணத்தைச் சேர்த்து வைப்பதில்லை. மாலையில் மொட்டு விரியும்போதுதான் இதழின் செல்கள் மணப்பொருளைத் தயாரித்து, தயாரித்த கையோடு காற்றில் விடுகின்றன. பறித்த மொட்டும் உயிரோடு இருக்கும் வரை அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரவு முடிந்து இதழ் சாகும்போது வாசமும் நின்றுவிடும். மரு அப்படியில்லை. அதன் மணம் முன்கூட்டியே தயாராகி, இலையின் தோல்மேல் புட்டிபோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் கைலென்ஸ் ஒன்றை வைத்து இலையின் அடிப்புறத்தைப் பார்த்தால், வெள்ளை ரோமக் காட்டுக்கு நடுவே மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. கீழே சில செல்கள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய சவ்வு. செல்கள் சுரக்கும் எண்ணெய் சவ்வுக்கு அடியில் கூடிக் குமிழ் போல உப்பி நிற்கும். விரல் பட்டால் சவ்வு கிழிந்து எண்ணெய் வெளிவரும். இலை செத்தாலும் சவ்வு கிழியாத வரை எண்ணெய் உள்ளேதான் இருக்கும். காய்ந்த சரத்தில் மிஞ்சும் மணத்தின் ரகசியம் இதுதான். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அலங்காரம் அல்ல, காவல். கடிக்க வரும் பூச்சியின் வாயில் உடைய வேண்டிய குப்பி அது.

குப்பிக்குள் இருப்பது என்ன? மருவுக்கு அதன் தனி மணத்தைத் தருவது சிஸ்-சபினீன் ஹைட்ரேட் என்ற பொருளும், அதோடு ஒட்டிய அதன் அசிடேட்டும். மருவின் நெருங்கிய உறவான ஒரிகானோவில், பீட்சாவோடு சிறு பொட்டலத்தில் வரும் அதே இலையில், ஆட்சி செய்வது கார்வக்ரால். அது ஓமத்தின் தைமாலுக்கு உடன்பிறப்பு போன்றது. ஓமவல்லியிலும் உண்டு. அதனால்தான் ஒரிகானோ நம் மூக்குக்கு ஓமம் போலக் காரமாகத் தெரிகிறது. மருவில் அந்தக் காரம் இல்லை. துருக்கியில் கார்வக்ரால் மிகுந்த மரு வகையும் உண்டு. ஆனால் அதை முகர்ந்தால் நம் பூக்கார அக்கா மரு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

சபினீன் ஹைட்ரேட் எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவும் அவருடைய சகாக்களும் இந்தச் செடியின் இலையை வைத்தே ஆராய்ந்தார்கள். ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற பத்துக் கார்பன் சங்கிலியை ஒரு நொதி வளைத்து முடிச்சுப்போட்டு, அதில் நீரின் அணுக்களையும் சேர்த்து இந்த மூலக்கூறைச் செய்கிறது. அந்த நொதியை 1988இல் அவர்கள் இனங்காட்டினார்கள்.

முடிச்சு என்று சொன்னது காரணத்தோடுதான். இந்த மூலக்கூறின் உடலில் ஓர் ஐங்கோண வளையமும் அதோடு ஒட்டி ஒரு முக்கோண வளையமும் இருக்கின்றன. கார்பன் அணு தன் கைகளைச் சுமார் 109 பாகைக் கோணத்தில் விரித்து வைக்கத்தான் விரும்பும். முக்கோணத்தில் அது 60 பாகைக்குள் ஒடுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. வளைத்து நாணேற்றிய மூங்கில் வில் போல, எப்போது அவிழ்வோம் என்று காத்திருக்கும் நிலை. கொஞ்சம் அமிலமும் நல்ல சூடும் சேர்ந்தால் போதும், முக்கோணம் அவிழ்ந்துவிடும்.

அவிழ்ந்தால் கிடைப்பது டெர்பினென்-4-ஆல். வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே: பத்துக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஒரு அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. அடுக்கு மட்டும் மாறியது, மணமும் மாறிவிட்டது. ஒரு பங்கு மூலக்கூறுகள் நீரை இழந்து டெர்பினீன்களாகவும் மாறுகின்றன. தேயிலை மர எண்ணெய் என்று பருவுக்குத் தடவ விற்கிறார்களே, அதன் முதன்மைப் பொருள் இதே டெர்பினென்-4-ஆல்தான். மருந்துக்கடை வாடை என்று நாம் சொல்லும் சாயல் அதில் உண்டு.

மருவை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கும்போது நடப்பது இதுதான். கொதிக்கும் நீர், அதில் கரைந்த இலையின் மெல்லிய அமிலம், நீண்ட நேரச் சூடு. புட்டியில் வந்து சேரும் எண்ணெயில் டெர்பினென்-4-ஆல் முன்னுக்கு வந்துவிடும். உயிருள்ள இலையில் முன்னின்ற பொருள் பின்னுக்குப் போய்விடும். அதாவது மரு எண்ணெய் என்று விலைகொடுத்து வாங்குவது இலையின் மணம் அல்ல, இலை பட்ட பாட்டின் மணம். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஒரு நிறைவு வந்தது. அடுப்பே காட்டாமல், தலையின் இளஞ்சூட்டில் மெல்ல மெல்லக் கசியவிட்டு மணக்கவைக்கும் நம் வீட்டுப் பெண்கள்தான் மருவின் உண்மையான வாசத்தை நாள்தோறும் முகர்ந்து வந்திருக்கிறார்கள். வடிகலத்துக்கு எட்டாதது பூச்சரத்துக்கு எட்டியிருக்கிறது.

சமையலுக்கும் இதே கணக்குத்தான். சூடும் புளிப்பும் நேரமும் சேர்ந்தால் மரு கெடும். எனவே நம் சாம்பாரும் புளிக்குழம்பும் ரசமும் அதற்குச் சரியான இடமில்லை. போதாததற்குப் பெருங்காயமும் கறிவேப்பிலையும் வேறு அதை அமுக்கிவிடும். ஆசைக்கு ஒருமுறை தக்காளி ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். மரு போன இடம் தெரியவில்லை, லேசான கசப்பு மட்டும் அடிநாக்கில் தங்கியது.

ஐரோப்பாவில் அது குடியிருக்கும் உணவுகளைக் கவனித்தால் ஒரு பொருத்தம் தெரியும். ஜெர்மனியில் இதற்கு இறைச்சிக்குழல் மூலிகை என்று பொருள்படும் பேச்சுவழக்குப் பெயரே உண்டு. நியூரம்பெர்க் நகரத்தின் சுண்டுவிரல் அளவு சாசேஜுக்கு அடையாள மணம் மஜோரான்தான். அந்தப் பண்டத்துக்கு 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. செக் நாட்டில் உருளைக்கிழங்கு சூப்பும், பூண்டு தட்டிப்போட்ட உருளைக்கிழங்கு அடையும் இது இல்லாமல் நடக்காது. போலந்தில் புளித்த ரை மாவுச் சூப்பில் போடுகிறார்கள். அது புளிப்புத்தான், ஆனால் இலையை இறக்கும் நேரத்தில் உள்ளங்கையில் தேய்த்துத் தூவுவதே அங்கே வழக்கம். மற்ற எல்லாவற்றிலும் பொது அம்சம் இரண்டு: சாதுவான சுவையுள்ள மாவுப் பொருள் அல்லது இறைச்சி, அதோடு கொழுப்பு. மருவின் மணப்பொருள்கள் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. வெண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாய்க்குள் போன பிறகு மெல்ல விடுகிறது.

என் வீட்டில் நிலைத்துவிட்ட பக்குவம் ஒன்றைச் சொல்கிறேன். சின்ன உருளைக்கிழங்கு கால் கிலோவைத் தோலோடு வேகவைத்து, இரண்டாகப் பிளந்து, இரும்புச் சட்டியில் நெய் விட்டு வெட்டிய பக்கம் பொன்னிறமாகும் வரை அசைக்காமல் விடுவேன். நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிரட்டி, அடுப்பை அணைத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் மரு. மாடியிலிருந்து பறித்த இரண்டு கொழுந்தின் இலைகளை உருவி, கையாலேயே கிள்ளிப் போட்டு, ஒரே நிமிடம் மூடி வைப்பேன். மூடியைத் திறக்கும்போது வரும் ஆவிதான் அந்த உணவில் பாதி. முட்டைப் பொடிமாசுக்கும், வெண்ணெயில் வதக்கிய காளானுக்கும், வெந்த மொச்சைக்கும் இதே முறைதான். அளவு முக்கியம். ஒரு இலை கூடினாலும் சாப்பாடு பூக்கடையாகிவிடும். இலையைச் சமையலில் போடலாம் என்பதற்காகச் செறிந்த மரு எண்ணெயை உணவில் ஊற்றக்கூடாது. இரண்டும் வேறு வேறு.

வளர்ப்பில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். மருவின் இலையில் இருக்கும் வெள்ளை ரோமம் வெயிலைத் திருப்பியடித்து, நீர் வீணாகாமல் காக்க உண்டானது. நீண்ட வறண்ட கோடையும் நீர் தங்காத சுண்ணாம்புப் பாறைச் சரிவும் அதன் பிறந்தவீடு. நம் வெயிலை அது ஓரளவு தாங்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் பிற்பகல் நிழல் கொடுத்தால் போதும். அது தாங்காதது நம் ஐப்பசி, கார்த்திகை. முதல் ஆண்டு தளதளவென்று நின்ற தொட்டியை அடைமழையில் மாடியிலேயே விட்டுவிட்டேன். நாலாம் நாள் அடியிலை மஞ்சளாகி, தண்டு அடியில் கறுத்து, இழுத்தால் கையோடு வந்தது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நீர் நின்று, மூச்சில்லாத வேரைப் பூஞ்சை தின்றுவிட்டது. வாடிய இலையைப் பார்த்து, தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் ஒரு சொம்பு ஊற்றியது நான் செய்த பெரிய தப்பு. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால் தாகத்தில் வாடுவது போலவே செடி தெரியும்.

அதற்குப் பிறகு செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு என்று கலந்து, அடியில் ஓட்டைகளுள்ள மண்தொட்டியில்தான் வைக்கிறேன். மண்தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியே விடும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் தொட்டி தாழ்வாரத்துக்கு வந்துவிடும். உரம் அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுகொழுவென்று வளரும், மணம் நீர்த்துப்போகும். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் உறைபனிக்குச் செத்துவிடுவதால் அங்கே இதை ஓராண்டுப் பயிராகவே வளர்க்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மழையைக் கடத்திவிட்டால் ஒரே செடி இரண்டு, மூன்று வருடம் நிற்கும்.

எப்போது வெட்டுவது என்பதற்குச் செடியே அடையாளம் காட்டும். கிளை நுனியில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி, நூலில் போட்ட முடிச்சு போலச் சின்னச் சின்ன உருண்டைகள் திரளும். ஆங்கிலேயர் இந்தச் செடியை முடிச்சு மஜோரம் என்றே அழைத்தார்கள். அந்த முடிச்சிலிருந்துதான் வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும், கண்ணுக்குத் தெரிவதே அரிது. முடிச்சு திரண்டு பூ வெளிவராத அந்தச் சில நாள்தான் வெட்டுக்குச் சரியான பருவம். காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். பச்சைத் தண்டில் மேற்பாதியை மட்டும் எடுப்பேன். அடியில் மரமாக முற்றிய பாகத்தை வெட்டினால் அது பெரும்பாலும் மறுபடி தளிர்க்காது. ஒரு தொட்டியை மட்டும் வெட்டாமல் பூக்கவிடுவேன். கொசுத்தேனீக்கள் அதைக் காலை முழுக்க மொய்க்கும்.

காயவைப்பதற்கு வெயில் ஆகாது. சூடேறினால் குப்பி உடையும், எண்ணெய் பறந்துவிடும். பெரிய அளவில் பார்த்தால், எகிப்திலிருந்துதான் உலகச் சந்தைக்குக் காய்ந்த மஜோரம் மிகுதியாகப் போகிறது. நைல் கரையின் ஃபையூம், பெனி சுவேஃப், மின்யா வட்டாரங்களில் விளைகிறது. வீட்டளவில் நமக்கு வேண்டியது ஒரு காற்றோட்டமான நிழல் மூலை. எட்டுப் பத்துக் குச்சிகளைச் சேர்த்து, பூச்சரம் கட்டும் வாழைநாராலேயே கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் சலசலக்கும். இலையை உருவி முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். பொடித்து வைத்தால் அத்தனை குப்பிகளையும் நாமே உடைத்ததாகிவிடும். வேண்டும்போது உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் தேய்த்துப் போட்டால் போதும்.

போன வாரம் முதல் வெட்டில் காய்ந்த இலையை ஒரு சின்னப் புட்டியில் நிரப்பிப் பூக்கார அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து நெடுநேரம் முகர்ந்துவிட்டு, "இத எதுக்கு தாயி திங்குறீங்க, பாவம்" என்றார். புட்டியை மூடி, சுருக்குப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மழைக்கு எது தப்பும் என்று சொல்ல முடியாது என்பதால் மறுபடியும் ஆறு குச்சியைச் சிரட்டை மணலில் ஊன்றி வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது நாலில் கொழுந்து நிமிர்ந்திருந்தது.